சம்பந்தமில்லை என்று ஒரு கடிதம்

எங்கள் சேவைச் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனதற்கு ஒரே காரணம், என்னிடம் ஒரு டைப்ரைட்டர் இருந்ததுதான். எண்பதுகளின் பிற்பகுதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்துப் பட்டறை நடத்திக்கொண்டிருந்தேன். கொட்டேஷன் அடிப்பதற்காக செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டது அந்த டைப்ரைட்டர். ஒருநாள் பட்டறைக்கு வந்த சங்கத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "வர்ற வருஷம் நீதான்யா செக்ரட்டரி" என்றார். தொழிற்பேட்டையில் பெரிய கம்பெனி அவருடையது. அவருக்குத்தான் நான் புஷ், பின் என்று சின்னச் சின்ன உதிரி பாகங்கள் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். மாட்டேன் என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை.

"நீங்க சங்கத்துக்குச் செயலாளரா, இல்ல அந்த மெஷினுக்கு டிரைவரா?" என்று என் மனைவி கேட்டாள். எரிச்சலாக இருந்தது. அவள் கேட்டது சரி என்பதால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சங்கத்தில் சேர்ந்தால் நாலு ஆர்டர் கிடைக்கும் என்றுதான் சேர்ந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் சேவை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பட்டாபிராமில் கண் முகாம் நடத்தினோம். ஆவடியில் ரத்த தானம். பூந்தமல்லி சாலையோரம் வருஷா வருஷம் மரக்கன்று. நட்டதில் பாதியை ஆடு தின்றது. மீதி தண்ணீர் இல்லாமல் காய்ந்தது. அடுத்த வருஷம் அதே குழிகளில் மறுபடி நட்டோம், போட்டோ மட்டும் புதிது. ஒவ்வொன்றுக்கும் நான் அறிக்கை அடித்தேன். மூன்று காப்பி, நடுவே கார்பன்.

அப்படி இருக்கும்போதுதான் இளைஞர் பரிமாற்றம் என்று ஒரு திட்டம் எங்கள் சங்கத்துக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளை நம் ஊருக்கு வந்து, ஒரு வருஷம் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும். நம் பிள்ளை ஒன்று அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் அதே மாதிரி இருக்கும். வரும் பிள்ளையை எந்தக் குடும்பம் வைத்துக்கொள்கிறதோ, அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் போகலாம். விதி அவ்வளவுதான். உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளை மட்டும் அனுப்பக் கூடாது என்று சங்கத்தின் மேலிடம் சொல்லியிருந்ததால், ஒப்புக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினோம். அதை அடித்ததும் நான்தான்.

நேர்காணல் நடத்த நகரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்களுக்கு யாரும் தெரியாத ஆட்கள். அவர்கள் முதலிடம் கொடுத்தது ஆவடியில் படித்த ஒரு பெண்ணுக்கு. அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். இரண்டாவது இடம், அதாவது முதல் ஆள் போக முடியாவிட்டால் போகலாம் என்கிற இடம், எங்கள் தலைவரின் மகனுக்கு. தலைவர் என்னைப் பார்த்து, "மெரிட்னா மெரிட்தான்யா" என்றார். அந்த நிமிஷம் அதை அவர் மனசாரத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன்.

படிவம் நிரப்ப அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நான் போனேன். தொழிற்சாலைக் குடியிருப்புக்கு ஒரு பெரிய கேட் உண்டு. காவலர் நீட்டும் நோட்டில் பெயர், யாரைப் பார்க்க, என்ன காரியம் எல்லாம் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். எழுதினேன், போனேன். ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறை. மெஷினிஸ்ட் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஊடு சின்னதா கீதுன்னு பாக்காதீங்க சார். ரூமை அந்தப் பாப்பாவுக்கு உட்டுட்டு நாங்க ஹால்ல படுத்துக்குவோம். ஒரு கொறையும் வராது" என்றார்.

அவருடைய அப்பா நெமிலிச்சேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். இவர் ஐ.டி.ஐ. படித்துத் தொழிற்சாலைக்குள் வந்தவர். மகள் இங்கிலீஷில் பேசினால் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பார். முகத்தில் பெருமை தெரிந்துவிடும் என்று பயமோ என்னவோ. அந்தப் பெண் போகவேண்டிய நாடு டென்மார்க். அங்கே எப்போதும் குளிர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, பச்சை நிற ராணுவக் கம்பளி ஒன்றை வெட்டி மகளுக்குக் கோட்டு தைத்துக்கொண்டிருந்தார். கம்பளி தடிமன். ஊசி உடைந்துகொண்டே இருந்தது.

"மூணாவது ஊசி அங்கிள்" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

விருந்தினர் தங்கும் முகவரி என்ற கட்டத்தில் அந்த வீட்டு எண்ணையும் குடியிருப்பின் பெயரையும் எழுதிக்கொண்டேன். பட்டறைக்கு வந்து டைப் அடித்தேன். தலைவர் கையெழுத்துப் போட்டார். மேலிடம் முத்திரை குத்தியது.

இப்போது யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்புக்குள் வெளிநாட்டுக்காரர் ஒருவர் போய்த் தங்க முடியாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கேட்டில் நான் நோட்டில் எழுதிவிட்டுத்தான் போனேன். மெஷினிஸ்ட் தினம் இரண்டு தடவை அட்டை காட்டிவிட்டுத்தான் போகிறார். ஆனால் அவருக்கு அது இருபது வருஷமாக வீட்டு வாசல். வீட்டு வாசலில் நம் விருந்தாளியை யாராவது நிறுத்துவார்கள் என்று யாருக்குத் தோன்றும்? அவருக்குத் தோன்றாததற்கு அது காரணம். எனக்குத் தோன்றாததற்கு ஒரு காரணமும் கிடையாது. எனக்குப் படிவத்தில் கட்டம் நிரம்ப வேண்டும், அவ்வளவுதான்.

பரிமாற்றத்தில் இங்கே வர வேண்டிய டென்மார்க் பெண் ஒருநாள் காலை விமானத்தில் வந்து இறங்கினாள். பதினேழு வயது, மீனம்பாக்கத்தில் எங்கள் எல்லோரையும் விட ஒரு தலை உயரம். மெஷினிஸ்டும் மகளும் மாலையோடு வந்திருந்தார்கள். நான் வாடகை வேன் பிடித்திருந்தேன். வழியெல்லாம் இரண்டு பெண்களும் பேசிக்கொண்டே வந்தார்கள். பூந்தமல்லி தாண்டுவதற்குள் இவள் அவளுக்குப் பத்து வரை தமிழில் எண்ணச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். ஏழு என்ற சொல்லில் அவள் நாக்கு மாட்டிக்கொண்டது. வேன் டிரைவரும் சிரித்தார்.

கேட்டில் வேன் நின்றது. காவலர் மெஷினிஸ்டுக்குப் பழக்கமானவர். உள்ளே எட்டிப் பார்த்தவர் சிரித்த முகம் மாறி, "இன்னா அண்ணாத்தே இது?" என்றார்.

"நம்ம ஊட்டுக்கு வந்த பொண்ணுப்பா. ஒரு வருசம் நம்ம கூடத்தான் இருக்கப்போவுது."

"நீ போலாம். உம் பொண்ணு போலாம். இந்த அம்மா போவ முடியாது. ஃபாரின்காரங்கள உள்ள உட்டா என் சட்டைய கயட்டிடுவாங்க."

"பர்மிசன் லெட்டர் எல்லாம் கீது. சார் வெச்சிருக்காரு" என்று மெஷினிஸ்ட் என்னைக் காட்டினார். என்னிடம் இருந்தது எங்கள் சங்கத்துக் கடிதம். மரக்கன்று நடுவதற்கு அடித்த அதே லெட்டர் பேடு. காவலர் அதை மரியாதையாகப் படித்துவிட்டு மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார். ஒரு அதிகாரிக்குப் போன் போட்டார். அதிகாரி ஜீப்பில் வந்தார். அவரும் கத்தவில்லை. அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட்டைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டு, இது முடியவே முடியாது, முடியும் என்று யார் உங்களுக்குச் சொன்னார்கள் என்று என்னைக் கேட்டார். யாரும் சொல்லவில்லை. அதுதானே விஷயம்.

அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. வேனை அதன் கீழே நிறுத்திவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றோம். வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருந்த மெஷினிஸ்டின் மனைவிக்கு யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அடுக்குக் கேரியரில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தார். கேட்டுக்கு வெளியே, வேனுக்குள் உட்கார்ந்து, டென்மார்க் பெண் எங்கள் ஊரின் முதல் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். அந்த அம்மா வேனின் படியருகே நின்று பாயசம் ஊற்றினார். வீடு எங்கே என்று அந்தப் பெண் கேட்டபோது, மகள் மதில் சுவருக்கு மேலே தெரிந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, அதற்குப் பக்கத்தில் என்று சொன்னாள்.

எனக்கு அப்போது தெரிந்த ஒரே பெரிய வீடு தலைவருடையது. வானகரத்தில் தோட்டத்தோடு கட்டியிருந்தார். போன் செய்தேன். "ரெண்டு நாள் தானே? கூட்டிட்டு வா" என்றார். நல்ல மனசோடு சொன்னார். வேன் வானகரத்துக்குத் திரும்பியது. மெஷினிஸ்ட் குடும்பம் கேட்டருகே நின்று கை காட்டியது.

அடுத்த வாரம் மெஷினிஸ்ட் சைக்கிளில் என் பட்டறைக்கு வந்தார். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். கையில் ஒரு மெமோ. முன் அனுமதி இல்லாமல் வெளிநாட்டவரைக் குடியிருப்பில் தங்கவைக்க ஏற்பாடு செய்தது ஏன் என்று ஒரு வாரத்தில் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"வேல பூடுமா சார்?" என்றார்.

"அதெல்லாம் போகாது."

"உங்களுக்குத் தெரியாது சார். போன வருசம் எங்க மெஷின் ஷாப்ல ஒருத்தர் கேமராவ எடுத்துக்கினு வந்துட்டாரு, மறந்தாப்ல. இன்னும் விசாரண நடந்துகினு கீது."

அவரை அப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை. தப்பு என்னுடையது, நடுங்குவது அவர். தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் அடிக்க அங்கேயே மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். என் ஆயுசில் நான் அடித்த நல்ல கடிதம் அது என்று அன்று நினைத்தேன். வெளிநாட்டு மாணவியைத் தங்கவைக்கும் எங்கள் திட்டத்துக்கும் தங்கள் ஊழியர் குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவருடைய முகவரி எங்கள் அலுவலகத் தவறால் படிவத்தில் சேர்ந்துவிட்டது. அவர் மீது எந்தப் பொறுப்பும் இல்லை. சம்பந்தமும் இல்லை என்பதன் கீழே ஒரு கோடு கூடப் போட்டேன். நான் கையெழுத்துப் போட்டு, தலைவரிடமும் வாங்கிக் கொடுத்தேன். கார்பன் காப்பியை ஃபைலில் போட்டேன். செயலாளர் என்றால் அப்படித்தானே.

மெமோ அதோடு முடிந்தது. மெஷினிஸ்ட் மறுபடி சைக்கிளில் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எங் குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க சார்" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

ஆனால் இரண்டு நாள் என்று போன டென்மார்க் பெண் மூன்று வாரமாகத் தலைவர் வீட்டில்தான் இருந்தாள். மெஷினிஸ்டுக்கு விதி தெரியும். தன் குடும்பம் அவளை வைத்துக்கொள்ளாவிட்டால் தன் மகள் போக முடியாது. அவரே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். நெமிலிச்சேரியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன் வீடு. கேட் இல்லை, காவல் இல்லை. தன் மனைவியும் மகளும் அங்கேயே போய்த் தங்கி விருந்தாளியைப் பார்த்துக்கொள்வார்கள். தான் அங்கிருந்து ரயிலில் வேலைக்குப் போய்க்கொள்வார்.

நான் தலைவரிடம் சொன்னேன். "பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பது என்று ஏற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மறக்காது. வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு குளியலறையும் கக்கூஸும் கட்டியிருந்தார்கள். பத்து நாளில், அண்ணனும் தம்பியும் சேர்ந்து. சிமென்ட் இன்னும் ஈரமாக இருந்தது. தகரக் கதவுக்கு நீலப் பெயிண்ட். உள்ளே புது வாளி, புது மக், ஸ்டிக்கர் கூடக் கிழிக்கவில்லை. மேலைநாட்டு வசதி வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, உட்காரும் பீங்கான் கூட வைத்திருந்தார்கள். அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் அது கிடையாது. அண்ணன் மனைவி எங்களுக்குக் கலர் சோடா கொண்டுவந்து வைத்தார். தலைவர், "எனக்குச் சுகர்மா" என்று டம்ளரைத் தொடாமலே எழுந்தார். முந்தின வாரம் சங்கக் கூட்டத்தில் அவர் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டதை நான் பார்த்திருந்தேன். நான் பாதி குடித்தேன். பாதி வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன்.

காரில் ஏறியதும், "வீடெல்லாம் ஓகேதான்யா. ஏரியா சரிப்படாது" என்றார்.

ஏரியா என்று அவர் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். கார் ஓட்டியவருக்கும் தெரிந்திருக்கும். ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிஷ நடை, நல்ல தண்ணீர், விளக்குக் கம்பம். ஏரியாவில் ஒரு குறையும் இல்லை. அந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான் குறை. "என்ன சார் சரிப்படாது?" என்று கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. என் பட்டறையில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள், என் மகன் ஆறாவது படிக்கிறான், லேத்தில் ஓடுவது முழுக்க அவருடைய ஆர்டர். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி, "நம்ம மாடி ரூம் சும்மாதானே கிடக்கு? அந்தப் பொண்ணை இங்க வெச்சுக்கலாம். அந்த மெஷினிஸ்ட் குடும்பத்துக் கணக்குல எழுதிக்கோங்க" என்றாள்.

"அவரை மீறி எப்படி?"

"மீற வேணாம். கேளுங்க."

கேட்டேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பாதி வாக்கியம் கேட்டேன். தலைவர் கோபப்படவில்லை. சிரித்தார். "உன் வீட்ல வெச்சா உன் பையன்தான்யா போகணும். ஆறாங் கிளாஸ் பையனை அனுப்பலாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் என் ஃபைலையே இழுத்து, என் கார்பன் காப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அந்தக் குடும்பத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நீதான்யா எழுதியிருக்க. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஃபேக்டரிக்காரன் கைல ஒரிஜினல் இருக்கு. இப்ப அந்தப் பொண்ணு பேரை அனுப்பினா, நாம பொய் சொன்னோம்னு ஆகாதா? அந்தாளுக்குத்தானே மறுபடி பிரச்னை?"

கோடு போட்ட வரி மேலே தெரிந்தது. அவர் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. அதுதான் கொடுமை. அவர் சூழ்ச்சி செய்தார் என்று சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன். விருந்தாளி இருப்பது அவர் வீட்டில். விதிப்படி அவர் மகன் போகலாம். புதுப் படிவத்தை அன்று மாலையே அடித்தேன். தலைவர் மகனின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி அடித்துவிட்டு, வெள்ளை தடவித் திருத்தினேன். அது காயும் வரை ஊதிக்கொண்டிருந்தேன்.

இதை அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சொல்லும் வேலையும் என்னுடையதுதான். கேட்டில் அதே காவலர் நோட்டை நீட்டினார். என்ன காரியம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், சொந்த விஷயம் என்று எழுதினேன்.

மெஷினிஸ்ட் நின்றபடியே கேட்டார். கடைசியில், "பரவால்ல சார். வேல நிக்குதே, அது போதும்" என்றார். அவர் மனைவி தையல் மெஷின் மேல் கிடந்த எதையோ மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பெண் மட்டும் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் இன்டர்வியூல ஏதாவது தப்பா சொல்லிட்டேனா அங்கிள்?"

"இல்லம்மா. நீதான் ஃபர்ஸ்ட்."

"அப்புறம் ஏன்?"

என்னிடம் பதில் இருந்தது. அப்பாவைக் காப்பாற்ற உன்னைக் கைகழுவினோம் என்பது ஒரு பதில். உன் பெரியப்பா வீட்டுத் தெரு எங்கள் தலைவருக்குப் பிடிக்கவில்லை என்பது இன்னொரு பதில். அப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு எதைச் சொல்வது? "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்றேன். அவளுக்கு அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும் என்பது அவளுக்கும் தெரியும். அவள் தலையாட்டினாள்.

அதன் பிறகும் இரண்டு பெண்களும் சிநேகமாகத்தான் இருந்தார்கள். டென்மார்க் பெண்ணை எங்கள் முகாம்களுக்கெல்லாம் அழைத்துப் போக வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. அவள் போகும் இடமெல்லாம் மொழிபெயர்க்க இவளும் வந்தாள். நாங்கள் வரச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் எங்களுக்கு இல்லை. பட்டாபிராம் கண் முகாமில் இருவரும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்தவர்களின் பெயரை எழுதி, சொட்டு மருந்து போட்டுக்கொண்டவர்களைக் கைபிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். "இந்த வெள்ளக்காரப் பொண்ணு இன்னாமா பேசுது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "கண்ணைத் தொறக்காம இருங்கன்னு சொல்லுதுங்க" என்றாள் இவள்.

சாப்பாட்டு இடைவேளையில் டென்மார்க் பெண் என்னிடம் வந்தாள். அவள் அம்மா கடிதம் எழுதியிருக்கிறாராம். அறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்திருக்கிறார்களாம். பெண் வரப்போகிறாள் என்று நினைத்திருந்தோம், பையனின் படம் வந்திருக்கிறதே என்று கேட்டிருக்கிறாராம். என் சிநேகிதி ஏன் போகவில்லை, கேட்டால் பேச்சை மாற்றுகிறாள், நீங்கள் செயலாளர்தானே, நீங்கள் சொல்லுங்கள் என்றாள்.

எனக்கு இங்கிலீஷ் டைப் அடிக்கத்தான் வரும். தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தேன். தமிழில் கேட்டிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மெஷினிஸ்ட் மகள் தட்டோடு பக்கத்தில்தான் நின்றாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சிநேகிதியிடம் திரும்பி, தனக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது, டாக்டர் குளிர் நாட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார், சங்கத்தில் எல்லோரும் எவ்வளவோ முயற்சி செய்தார்கள் என்று தெளிவான இங்கிலீஷில் சொன்னாள். நேர்காணலில் பேசியது போலவே தடுமாறாமல் சொன்னாள். டென்மார்க் பெண் அழுதுவிட்டாள். இவள் அழவில்லை. நான் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல வெளியே போனேன். அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

தலைவர் மகன் கிளம்பிப் போனான். விமான நிலையத்தில் சங்கம் முழுக்கப் போய் மாலை போட்டது. அறிக்கை அடித்தேன், மூன்று காப்பி.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் மெஷினிஸ்ட் பட்டறைக்கு வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் இன்னொரு கவர். அதற்குள் அவர் மகளின் பாஸ்போர்ட். திட்டம் சரியாக நடந்துகொண்டிருந்த நாளில் விண்ணப்பித்தது, அலைந்து திரிந்து அப்போதுதான் தபாலில் வந்திருந்தது. போட்டோவில் அந்தப் பெண் இரட்டைப் பின்னலோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்த ஆருகிட்ட சார் திருப்பிக் குடுக்கணும்?" என்றார்.

"எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்? உங்க பொண்ணோடது. வீட்ல வெச்சுக்கோங்க."

"இல்ல சார். நமக்குச் சம்பந்தமில்லைன்னு ஃபேக்டரிக்கு எய்திக் குடுத்துட்டோமே. இப்ப இது ஊட்ல கீதுன்னு தெரிஞ்சா, அப்ப சம்பந்தம் இருந்துச்சான்னு கேக்க மாட்டாங்களா?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பல நாளாக யோசித்துப் பயந்துபோய் வந்திருந்தார். நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். "இது வேற சார், அது வேற. பாஸ்போர்ட்டுக்கும் சங்கத்துக்கும் சம்பந்தமில்லை" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

அவர் முகம் தெளிந்தது.

"அப்ப அத்த ஒரு லெட்டரா அடிச்சுக் குடுத்துடுங்க சார். பாஸ்போட்டோட சேத்து வெச்சுக்கறேன். ஆரு கேட்டாலும் காட்டலாம் பாருங்க."

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மெஷின் உறையைக் கழற்றி, பேப்பரைச் சொருகி, அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டு அடிக்க ஆரம்பித்தேன். அவர் என் விரல்களையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.